ஏழு செப்புக் காசுகள்

மின்னணுவியல் என்றதும் நம்மில் பலர் தயங்குகிறோம். கணக்கில் கெட்டிக்காரர்களுக்கே அது கைவரும் என்று எண்ணுகிறோம். பெண்பிள்ளைகளுக்குக் கம்பியும் கருவியும் எதற்கு என்று கேட்போரும் உண்டு. இவ்விரண்டுக்கும் மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை நல்ல விடை தருகிறது.

1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டனை அடுத்த நியூயிங்டனில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பாரடே பிறந்தார். பள்ளியில் அவர் கற்றது எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே. பதினான்காம் வயதில், புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழக ரீபோ என்பவரின் கடையில் சேர்ந்தார்.

பைண்டு செய்ய வந்த நூல்களை அவர் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவரைக் கவர்ந்தது. மற்றொன்று ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் நூல். ஓர் ஆசிரியையும் எமிலி, கரோலின் என்ற இரு சிறுமிகளும் உரையாடுவதாக அமைந்த அந்நூல், முதலில் ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது. அதில் கண்டவற்றைப் பாரடே தம் கையாலேயே சோதித்துப் பார்த்தார். பிற்காலத்தில் தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவ்வம்மையாருக்கு நன்றியுடன் அனுப்பி வந்தார்.

1812இல் அவர் ஒரு மின்கல அடுக்கைச் செய்தார். ஏழு அரைப்பென்னி செப்புக் காசுகள், ஏழு துத்தநாகத் தகடுகள், உப்பு நீரில் நனைத்த ஆறு காகிதத் துண்டுகள், பொருள் இவ்வளவே! அந்தச் சிறு அடுக்கின் மின்சாரம் எப்சம் உப்புக் கரைசலைச் சிதைத்துக் காட்டியது. அவ்வாண்டே அறிஞர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அழகாகப் பைண்டு செய்து அவருக்கே அனுப்பினார். அதன் பயனாக 1813இல் இராயல் நிறுவனத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது.

1821இல் மின்சாரத்தால் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்தார். மின்மோட்டாரின் தொடக்கம் அதுவே. காந்தத்தால் மின்சாரம் உண்டாக்க 1825இல் முயன்றபோது பலன் இல்லை; அத்தோல்வியையும் ஏட்டில் குறித்து வைத்தார். 1831இல் வெற்றி கண்டார். இன்றைய மின்னாக்கிகளுக்கு அதுவே அடிப்படை.

உலோகங்கள் சூடேறினால் அவற்றில் மின்சாரம் செல்வது கடினமாகும். ஆனால் வெள்ளி சல்பைடில் அது எளிதாவதை 1833இல் பாரடே கண்டார். இது குறைகடத்தியின் இயல்பு. துணி துவைக்கும் இயந்திரத்தினுள் அமர்ந்து அதை இயக்கும் சிறு சில்லும் குறைகடத்தியால் ஆனதே. மின்தேக்கியின் அளவுக்கும் அவர் பெயரால் பாரட் என்ற அலகு வழங்குகிறது.

புகழ் வந்தபோதும் அவர் சர் பட்டத்தை ஏற்கவில்லை. இறைப்பற்று மிக்க அவர், படைப்பின் ஒழுங்கில் படைத்தவரின் கைவண்ணத்தைக் கண்டார். இளைஞர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைப் பத்தொன்பது முறை நிகழ்த்தினார். 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் இயற்கை எய்தினார்.

தோழியரே! நாம் தொடங்கவும் சிறிதளவு பொருளே போதும். இரண்டு டார்ச் மின்கலங்கள், 100 ஓம் மின்தடை ஒன்று, சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று. மூன்றையும் வரிசையாக இணைத்து, விளக்கின் நீண்ட கால் மின்கலத்தின் நேர்முனைப் பக்கம் வருமாறு பார்த்துக்கொண்டால் அது ஒளிரும். மாற்றி இணைத்தால் ஒளிராது. ஏன் என்று கேட்டு, கண்டதை ஏட்டில் எழுதுவோம். ஒரு பெண்மணியின் நூல் ஒரு மேதைக்கு வழிகாட்டியது என்றால், கம்பியும் கருவியும் நம் கைக்கு அந்நியமல்ல!