வாக்கால் வந்த மன்னன்

வேதியியல் பயிலும் நான் வரலாற்றின் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன். அலுமினியத்தைப் பிரித்தெடுத்த கதையைத் தேடப் போய், அந்த ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்த பிரெஞ்சுப் பேரரசன் மூன்றாம் நெப்போலியனின் கதையில் சிக்கிக்கொண்டேன். அவன் தேர்தலில் வென்று வந்து, பிறகு முடி சூடியவன். அதைப் படித்தபோது நூலை மூட மனம் வரவில்லை. காரணத்தை இறுதியில் சொல்கிறேன்.

லூயி நெப்போலியன் 1808-இல் பாரிஸில் பிறந்தான். மாவீரன் நெப்போலியனின் தம்பி மகன். பெரியப்பனின் வீழ்ச்சிக்குப் பின் குடும்பமே நாடு கடத்தப்பட்டது. 1836-இலும் 1840-இலும் ஒரு சிறு கூட்டத்தோடு ஆட்சியைக் கவிழ்க்க முயன்று நகைப்புக்கு இடமானான். ஆயுள் தண்டனை பெற்றான். சிறையில் வறுமை ஒழிப்பைப் பற்றி நூல் எழுதினான். 1846-இல் கூலியாள் உடையில், தோளில் பலகை சுமந்து, காவலர் கண்முன்னே வெளியேறி இங்கிலாந்து சேர்ந்தான்.

1848-இல் புரட்சி வெடித்தது. மன்னராட்சி வீழ்ந்து குடியரசு பிறந்தது. ஆண்கள் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும்கூடப் பாரிஸ் மன்றத்தில் இடம் அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தல். லூயி நெப்போலியனுக்கு ஏறத்தாழ 54 இலட்சம் வாக்குகள். அடுத்து வந்தவருக்கு 14 இலட்சமே. உழவர்க்கு அந்த மனிதனைத் தெரியாது, பெயரைத் தெரியும். உழவன் அப்பெயரில் பழம்பெருமையைக் கண்டான்; செல்வன் அமைதியைக் கண்டான்; தொழிலாளி விடிவைக் கண்டான்.

தலைவர் பதவி நான்கு ஆண்டுகளுக்கே. தொடர்ந்து மறுமுறை நிற்கச் சட்டம் இடந்தரவில்லை. அவனுக்கோ கழுத்துவரை கடன். பதவி போனால் கடன்காரர்கள் வாசலில் நிற்பார்கள். சட்டத்தைத் திருத்த முயன்றான். மன்றத்தில் வேண்டிய முக்கால் பங்கு ஆதரவு கிட்டவில்லை. 1851 டிசம்பர் 2 அன்று விடியுமுன் எதிர்க்கட்சித் தலைவர்களைச் சிறைப்பிடித்தான். எதிர்த்தோர் பாரிஸ் தெருக்களில் சுடப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டனர்.

மக்கள் ஏன் திரண்டு எழவில்லை? மன்றமும் தூயதன்று. 1850-இல் ஏறத்தாழ 30 இலட்சம் ஏழைகளின் வாக்குரிமையை அது பறித்திருந்தது. அதைத் திருப்பித் தருவதாக அவன் அறிவித்தான். தந்தான், உடனே அந்த வாக்கையே தனக்குக் கேட்டான். ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். 74 இலட்சம் பேர் ஆம் என்றனர். மறு ஆண்டு அவன் பேரரசன். தேர்தல்கள் தொடர்ந்தன, ஆனால் அரசு நிறுத்திய வேட்பாளருக்காக அதிகாரிகளே உழைத்தனர். புதுச்சேரியின் உரிமை பறிபோயிற்று. அவன் வீழ்ந்த பின், 1871-இல்தான் மீண்டது.

அவன் செய்த நன்மைகளை மறைக்கலாகாது. பாரிஸின் அகன்ற வீதிகளும் நாடெங்கும் பரவிய இருப்புப் பாதைகளும் அவன் காலத்தவை. 1864-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் குற்றமல்ல என்றாயிற்று. ஆயினும் அரியணைக்குப் புகழ் என்னும் தீனி இட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கிரிமியா, இத்தாலி, மெக்சிகோ எனப் போர் மேல் போர். 1870 மே மாதம் மீண்டும் 73 இலட்சம் பேர் ஆம் என்றனர். இரண்டே மாதத்தில் பிரஷ்யாவுடன் போர். பிஸ்மார்க் விரித்த வலையும் அதில் உண்டு; ஒரு வெற்றி கிடைத்தால் மகனுக்கு முடி உறுதியாகும் என்ற அரண்மனை ஆசையும் உண்டு. செப்டம்பர் 2 அன்று செடானில் ஏறத்தாழ ஓர் இலட்சம் வீரர்களோடு சரணடைந்தான். நாடு அல்சேசையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்தது. 500 கோடி பிராங்க் தண்டமும் கட்டியது. அவன் 1873-இல் இங்கிலாந்தில் அகதியாக இறந்தான்.

இனி என் கதை. சென்ற ஆண்டு எங்கள் விடுதித் தேர்தலில் நம் மொழிக்காரர் என்ற ஒன்றுக்காகவே ஒருவருக்கு வாக்களித்தேன். ஆண்டு முடிந்ததும், தேர்தல் வேண்டாம், இதே குழு நீடிக்கட்டும் என்று அவர் கேட்டார். ஊரைவிட்டு இத்தனை தொலைவில் நம்மவரை நாமே விட்டுக்கொடுப்பதா என்று எண்ணிக் கையும் தூக்கினேன். விடுதிக் குழுவால் போர் மூளாதுதான். ஆனால் அந்த உழவன் செய்ததும் நான் செய்ததும் ஒன்றே அன்றோ! தலைவன் எப்படி வந்தான் என்பதைவிட, காலம் முடிந்ததும் இறங்குகிறானா என்பதே உரைகல். அடுத்த முறை நம்மவரே கேட்டாலும் என் கை எழாது.