ஏற்காடு சாலையில் ஒரு வளைவு

பெயரின் முதலெழுத்திலேயே திருச்செங்கோட்டைச் சுமந்தவர் டி. ஆர். சுந்தரம். சீமை சென்று லீட்சில் நெசவுத்தொழில் பயின்றார். திரும்பியவர் தறியைத் தேடியா போனார்? இல்லை, தோழர்களே! படம் பேசத் தொடங்கிவிட்ட காலமது. சேலத்திலேயே மாடர்ன் தியேட்டர்சை எழுப்பினார். 1937இல் 'சதி அகல்யா'; மறு ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்'.

புராணம் விற்ற நாளில் புராணம் எடுத்தவர்தான், நாம் மறைக்கவில்லை. போர் வந்தது, பிலிமுக்குப் பஞ்சம் வந்தது, கொட்டகையை மூடினாரா? 1945இல் 'பர்மா ராணி' எடுத்தார். நாட்டிலே காற்றுத் திரும்பியதும் கலைஞரின் பேனாவுக்கு இடம் தந்தார். 1950இல் 'மந்திரி குமாரி' பிறந்தாள். 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழுக்கு முதல் வண்ணப்படம். ஆலையைப் போல நேரக் கட்டுப்பாடு. நட்சத்திரங்களுக்கும் அதே கண்டிப்பு!

1963இல் மறைந்தார். படக்கூடங்கள் போய்விட்டன, ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது.