மலாயா கணபதி: தொழிலாளருக்காக யார் பேசலாம்?

ஈப்போவில் இருந்து வடக்கே, கோலகங்சார் போகிற வழியில் இருக்கு சுங்கை சிப்புட். உங்க தாத்தா, பாட்டி அந்தப் பக்கத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியிருந்தால், கணபதியின் பெயரை வீட்டில் கேட்டிருக்கலாம்.

எஸ்.ஏ. கணபதி தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். சிங்கப்பூரில் படித்தார். ஜப்பானியர் காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். போர் முடிந்ததும் கம்யூனிஸ்ட் கட்சி, தொழிற்சங்கம் என்று போய், அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார்.

சம்மேளனம் எதற்கு? அன்றைய தோட்டத்தை நினைச்சுப் பாருங்க. வேலையும் துரையுடையது, லயன் வீடும் துரையுடையது. தனியாக வேலைநிறுத்தம் செய்தால் குடும்பமே தெருவுக்கு வரும். தோட்டம், ஈயச் சுரங்கம், துறைமுகம் எல்லாம் கைகோத்தால்தான் பலம். உச்சத்தில் 2 லட்சம் பேருக்கு மேல் அப்படிச் சேர்ந்திருந்தார்கள்.

பிரிட்டிஷ் அரசு கைவைத்ததும் அங்கேதான். 1948இல் சட்டத்தைத் திருத்தியது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டும்தான் ஒன்றுசேரலாம். அந்தத் தொழிலில் 3 ஆண்டு அனுபவம் உள்ளவரே நிர்வாகியாகலாம். உறுப்பினர்கள் யாரை விரும்பினார்கள் என்ற கேள்வியே எழவில்லை. ஜூன் மாதம் சம்மேளனம் சட்டவிரோதமானது. அதே மாதம் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் அருகே 3 ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட, அவசரகாலம் வந்தது.

கணபதி மேல் போட்ட வழக்கு அந்தக் கொலைகளுக்காக அல்ல. 1949 மார்ச்சில் ரவாங் அருகே துப்பாக்கியும் 6 தோட்டாக்களுமாகப் பிடிபட்டார். வழியில் கிடைத்ததைப் போலீசில் ஒப்படைக்கப் போனதாகச் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. துப்பாக்கி வைத்திருந்ததற்கே தூக்கு. நேரு அரசு எவ்வளவோ முயன்றும் பலனில்லை. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். முந்தைய நாள்தான் அவரது தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது, தோட்டத்துக்கு மட்டும். தொழில்வாரியாகப் பிரிக்கும் அந்தக் கட்டுப்பாடு சட்டத்தில் நீண்ட காலம் இருந்தது, 2024இல்தான் நீங்கியது.

இன்றைக்கு முதலாளி ஒரு சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தால், தொழில் உறவுத் துறை ரகசிய வாக்கெடுப்பு நடத்தலாம். தொழிற்சாலைக்கு அது சரி. ஆனால் ஈப்போவில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையான பெரியவரைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்ளும் அக்காவை யோசிங்க. சங்கம் பதிய குறைந்தது 7 பேர் வேண்டும். அவங்க வேலையிடத்தில் இருப்பது ஒரே ஒரு தொழிலாளி, அவங்கதான்.