இரு பெரும் கட்சிகளுக்கு நடுவே காயிதே மில்லத்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நம் மக்கள் எந்தத் தொகுதியிலும் தனித்து வெல்லும் எண்ணிக்கையில் இல்லை. நமக்கென்று ஒரு கட்சி எதற்கு, இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றில் சேர்ந்துவிடலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்களின் வாழ்வைத்தான் நாம் பதிலாகச் சொல்கிறோம்.

1896-ல் நெல்லை பேட்டையில் பிறந்த அன்னார், 1946-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவரானார்கள். பிரிவினைக்குப் பின் லீக்கைக் கலைத்துவிடுமாறு நாலாபுறமும் நெருக்குதல். லீக்கில் இருந்தவர்களே பலர் காங்கிரஸுக்குப் போனார்கள். அன்னாரோ 1948 மார்ச் 10-ல் ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள்.

1960-ல் கேரளத்தில் காங்கிரஸ் அணியில் வென்றும் லீக்குக்கு மந்திரி பதவி இல்லை. சபாநாயகர் பதவியோடு சரி. 1967-ல் அங்கே யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இ.எம்.எஸ். அமைச்சரவையில் லீக்குக்கு இரண்டு மந்திரிகள். 1969-ல் மலப்புரம் மாவட்டமும் வந்தது. அதே 1967-ல் இங்கே அண்ணாவோடும் ராஜாஜியோடும் கைகோத்து காங்கிரஸ் ஆட்சியை மாற்றினார்கள். ஆனால் தி.மு.க. தனித்தே பெரும்பான்மை பெற்றது. லீக்குக்கு மந்திரி பதவி வரவில்லை. கூட்டணியில் உழைப்பு ஒன்றுதான், கிடைத்தது வேறு. இந்தக் கணக்கை நம்மவர்கள் பலர் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

நெல்லைக்காரரை மஞ்சேரி மக்கள் 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவைக்கு அனுப்பினார்கள். 1972 ஏப்ரல் 5-ல் வஃபாத்தான அன்னார் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடங்கியிருக்கிறார்கள். அங்கே ஜும்ஆவுக்குப் போனால் ஸலாம் சொல்லாமல் நாம் திரும்புவதில்லை.