டாக்டர் இவார்ட்ஸ் கிரஹாம்: மாஜி சிப்பாய்களுக்கு ஒரு பாடம்

நுரையீரல் புற்றுநோயை ரண சிகிச்சையால் வெல்லலாம் என்று முதன்முதலில் மெய்ப்பித்துக் காட்டியவர், அதே நோய்க்கு இரையாகி மாண்டார். அமெரிக்க வைத்தியர் டாக்டர் இவார்ட்ஸ் கிரஹாமின் சரித்திரம் அது. நோயை வேளையோடு கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு உரியவர் யார் என்ற பிரச்னை அந்நாட்டு மாஜி சிப்பாய்களை இன்று நெருக்கி நிற்பதால், அவருடைய வாழ்வை நமது வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

கிரஹாம் 1883ஆம் வருஷத்தில் சிக்காகோ நகரில் பிறந்தார். தகப்பனாரும் ரண சிகிச்சை வைத்தியரே. பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் படித்துத் தேறிய பின், 1907ல் வைத்தியப் பட்டம் பெற்றார். முதல் உலக மகாயுத்தம் அவரை ராணுவ வைத்தியப் பகுதிக்கு இழுத்துச் சென்றது. 1918ல் பாசறைகளில் நிமோனியா ஜுரம் கண்ட சிப்பாய்களுக்கு மார்பினுள் சீழ் கட்டியது. மார்பை உடனே பிளந்து சீழை வெளியேற்றுவதே அந்நாளைய வழக்கம். அந்த அவசரமே பலருடைய உயிரைக் குடித்தது. ஜுரம் தணியும் வரையில் ஊசியால் சீழை இறக்கிக்கொண்டு பொறுத்திருந்து, பிறகே திறக்க வேண்டும் என்று கிரஹாம் ஆராய்ந்து நிலைநாட்டினார். மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

யுத்தம் முடிந்தபின், 1919ல் ஸென்ட் லூயி நகரின் வாஷிங்டன் சர்வகலாசாலையில் ரண சிகிச்சைப் பகுதியின் தலைமையை ஏற்றார். 1933ஆம் வருஷம் ஏப்ரல் 5ந் தேதி, பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஒரு பிரசவ வைத்தியரின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே சிகிச்சையில் எடுத்தார். நோயாளி பிழைத்தார், முப்பது வருஷம் வாழ்ந்தார். தமக்கு உயிர்ப்பிச்சை அளித்த வைத்தியர் மறைந்த பின்னும் அவர் இருந்தார்.

எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மாணவர், இந்நோய்க்குச் சிகரெட்டே காரணமாகலாம் என்று கிரஹாமிடம் வந்தார். கிரஹாம் தாமே நெடுநாள் புகைத்தவர், அதை நம்பவில்லை. ஆயினும் ஆராய்ச்சிக்குக் குறுக்கே நிற்காமல், உடனிருந்து நடத்தினார். 684 நோயாளிகளை விசாரித்த முடிவு 1950ல் வெளியாயிற்று. நோயுற்ற ஆடவரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பல வருஷம் மிகுதியாகப் புகைத்தவர்கள். சாட்சியம் தமது அபிப்பிராயத்துக்கு மாறாக இருந்தும் அதை ஒப்புக்கொண்டு, கிரஹாம் புகைப்பதைக் கைவிட்டார். சிகரெட் தாரை எலிகளின் தோலில் பூசிப் புற்று உண்டாவதையும் 1953ல் காட்டினார். ஆனால் செய்த தீங்கு செய்ததே. 1957ஆம் வருஷத் தொடக்கத்தில் நோய் வெளிப்பட்டபோது அது இரு நுரையீரல்களிலும் பரவியிருந்தது. அவர் கண்ட ரண சிகிச்சை அவருக்கே உதவவில்லை. மார்ச் 4ந் தேதி, 73வது வயதில், காலமானார்.

உடலைக் குறுக்காகப் படமெடுக்கும் ஸி.டி. யந்திரம் அப்போது இல்லை. அது 1971க்குப் பின் வந்தது. அந்த யந்திரத்தில் குறைந்த கதிரைக் கொண்டு பரிசோதித்தால், மிகுதியாகப் புகைத்தவர்களிடையே இந்நோய் மரணம் நூற்றுக்கு 20 வீதம் குறைகிறது என்று 1953க்குப் பின் அரை நூற்றாண்டு கடந்து, 2011ல் வெளியான பெரிய அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. அந்நாட்டு நிபுணர் குழு 2021ல் வகுத்த விதிப்படி, 50 முதல் 80 வயது வரையில் உள்ளவராய், தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 வருஷத்துக்குச் சமமாகப் புகைத்தவராய், இன்னும் புகைப்பவராகவோ 15 வருஷத்துக்குள் விட்டவராகவோ இருப்பவர் இப்பரிசோதனைக்கு உரியவர். புகைப்பதை விட்ட சில வருஷங்களிலேயே மாண்ட கிரஹாமுக்கு அந்தக் கெடு கடக்கவில்லை, வயதும் தடையாகாது.

இனி மாஜி சிப்பாய்களின் வழக்கைப் பார்ப்போம். இரண்டாவது மகாயுத்தத்தில் ராணுவத்தின் உணவுப் பொட்டலத்தினுள்ளேயே சிகரெட்டும் வந்தது. அது 1975ல்தான் நின்றது. பழக்கத்தை ஊட்டிய சர்க்கார், 1998ல் ஒரு சட்டம் இயற்றி, ராணுவ சேவையில் புகைத்ததைக் காரணமாகக் காட்டி இனி ஒருவரும் நஷ்ட ஈடு கோரலாகாது என்று கதவை அடைத்தது. வியட்நாமில் காடழிக்கத் தெளித்த விஷ மருந்துக்கும், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் குப்பைக்குழிகளில் எழுந்த புகைக்கும் ஆளானவருக்கு நுரையீரல் புற்று வந்தால், அது சேவையால் வந்ததென்றே சர்க்கார் கொள்கிறது. குப்பைக்குழிப் புகைக்கு 2022ஆம் வருஷச் சட்டம் இதற்கு வழி செய்தது. ஆனால் நிபுணர் குழுவின் பரிசோதனை விதியோ வயதையும் சிகரெட்டையும் மட்டுமே எண்ணுகிறது. நோய் வந்தபின் செல்லும் சாட்சியம், வருமுன் செல்லாதென்பது என்ன நியாயம்?

எல்லோரையும் யந்திரத்தில் படுக்க வைக்கவேண்டும் என்பது நமது கட்சியன்று. தீங்கற்ற கட்டியைக் கண்டு மிரண்டு வீண் சிகிச்சைக்கு ஆளாவோரும் உண்டு. ஆகவே ஒரு வரம்பு அவசியமே. அந்த வரம்பை இடும்போது, சிப்பாய் சுவாசித்த விஷப் புகையையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பதே நாம் கூறுவது. விதிக்கு உட்பட்டவர்களோ, இருமலும் ரத்தமும் காணும் வரையில் காத்திராமல் உடனே பரிசோதனைக்குச் செல்லவேண்டும். இந்நோயின் போக்கைக் கிரஹாமைவிட நன்கறிந்தவர் அந்நாளில் அரிது. அவரையே அது தெரியாமல் வந்து பற்றியதென்றால், மற்றவர் அலட்சியமாக இருக்க இடமேது?