குண்டின் வேகத்தை அளந்தவர்

துப்பாக்கிக் குண்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தை ஒரு மரக்கட்டையையும் ஒரு நாடாவையும் கொண்டு அளந்து காட்டினார் ஒருவர். அவர்தான் பெஞ்சமின் ராபின்ஸ். பிறந்தது இங்கிலாந்தில். உயிர் நீத்தது நமது கடலூரில்!

தையல்காரர் மகன்

ராபின்ஸ் 1707-ம் ஆண்டு பாத் நகரில் பிறந்தார். தந்தை தையல்காரர். ஏழைக் குடும்பம். அவர்கள் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர். ஆயுதம் ஏந்துவது பாவம் என்று கருதுகிறவர்கள்.

மகனுக்குக் கணக்கு நன்றாக வந்தது. லண்டனுக்குப் போய், கணக்கு கற்றுக் கொடுத்துப் பிழைத்தார். 20 வயதிலேயே ராயல் சொசைட்டி என்ற புகழ்பெற்ற விஞ்ஞானச் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

ஆடிய மரக்கட்டை

கனமான மரக்கட்டை ஒன்றை ஊஞ்சல் போல் தொங்கவிட்டார் ராபின்ஸ். அதன்மீது சுட்டார். குண்டு பாய்ந்ததும் கட்டை பின்னால் ஆடியது. எவ்வளவு தூரம் ஆடியது என்பதைக் கட்டையில் இணைத்த நாடா காட்டியது. கட்டையின் எடையும் குண்டின் எடையும் தெரியும். மீதி, கணக்குத்தான்! குண்டு வினாடிக்கு 1,600 அடிக்கு மேல் பாய்வது தெரிந்தது.

தூரம் கூடக் கூட வேகம் குறைவதையும் கண்டார். காரணம், காற்று! வேகமாகப் போகும் குண்டைக் காற்று அதன் எடையைப் போல் சுமார் 120 மடங்கு பலத்துடன் தடுக்கிறது என்றார். அதுவரை பலர் காற்றைப் பெரிதாக நினைக்கவில்லை. 1742-ல் இதைப் புத்தகமாக எழுதினார்.

காகிதத் திரைகள்

குண்டு ஏன் குறி தவறுகிறது? இதை அறிய, மெல்லிய காகிதத் திரைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினார். துப்பாக்கிக் குழாயின் நுனியை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். முதலில் இடப்பக்கம் போன குண்டு, பிறகு வலப்பக்கம் திரும்பிவிட்டது! திரைகளில் விழுந்த துளைகள் அதைக் காட்டிக் கொடுத்தன.

குண்டு தாறுமாறாகச் சுழல்வதே காரணம் என்றார். குழாய்க்குள் திருகுபோல் வரிப்பள்ளம் வெட்டினால், குண்டு பம்பரம்போல் ஒரே சீராகச் சுழன்று நேராகப் போகும் என்று 1747-ல் விளக்கினார். ரைபிளின் ரகசியம் இதுதான்.

கடலூரில் முடிவு

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-ல் அது ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது. கோட்டைகளைப் பலப்படுத்தக் கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸை அனுப்பியது. 1750 ஜூலையில் கடலூர் புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

வந்த சில மாதங்களில் காய்ச்சல் கண்டது. எழுந்து மறுபடி வேலை பார்த்தார். ஆனால் உடல் தாங்கவில்லை. 1751 ஜூலை 29-ந் தேதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 44.

உயிர் காக்கும் கண்ணாடி

இன்று குண்டு துளைக்காத கண்ணாடி வந்துவிட்டது. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் அடுக்கடுக்காகச் சேர்த்துச் செய்வது அது. அதைச் சுட்டுச் சோதிக்கும்போது, குண்டு மோதுவதற்கு முன் அதன் வேகத்தை அளக்கிறார்கள். அதே குண்டு தொலைவிலிருந்து வந்தால் வேகம் குறைந்து மோதும். ஆகவே, வேகம் தெரியாமல் கண்ணாடியின் வலிமையைச் சொல்ல முடியாது. குண்டின் பாதையில் காகிதத் திரைக்குப் பதிலாக இப்போது ஒளித் திரை இருக்கிறது.

ஆயுதத்தை வெறுத்த வீட்டில் பிறந்தவர் ஆயுதத்துக்காகப் போட்ட கணக்கு அது. இன்று உயிரைக் காக்கவும் உதவுகிறது!