கத்தரிக்கோலால் வரலாறு எழுதிய அம்மையார்

திரையில் வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. நாயகன் பெயர் வந்தால் கொட்டகை அதிர்கிறது. இசையமைத்தவர் பெயருக்கும் ஓரளவு மதிப்புண்டு. படத்தொகுப்பாளர் பெயர் வரும்போதோ, நம்மில் பலர் இருட்டில் இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்! எடுத்த படத்தை வெட்டி ஒட்டுவது ஒரு கலையா என்ற ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று. அந்த ஐயத்தோடு வாழ்நாளெல்லாம் போராடிய ஒரு பெண்மணி ருஷ்ய நாட்டில் இருந்தார். எஸ்பிர் ஷுப் என்பது அவர் பெயர்.

1894ஆம் ஆண்டு, சுராஷ் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். மாஸ்கோவுக்குச் சென்று, பெண்களுக்கென நடந்த உயர்கல்வி நிலையத்தில் இலக்கியம் பயின்றார். புரட்சிக்குப்பின் அரசாங்கத்தின் நாடகப் பிரிவில், புகழ்பெற்ற நாடக இயக்குநர் மேயர்ஹோல்டிடம் செயலாளராகப் பணிபுரிந்தார். 1922இல் அரசுத் திரைப்பட நிறுவனத்தில் வேலைக்கு அமர்ந்தார்.

அந்த வேலை விசித்திரமானது. ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் படங்களைப் புதிய ஆட்சியின் கொள்கைக்கு ஒத்தவாறு மாற்றியமைக்க வேண்டும். அன்று எல்லாம் ஊமைப்படங்கள். இடையே வரும் எழுத்துக்களை மாற்றி, காட்சிகளை முன்பின்னாக அடுக்கிவிட்டால் கதையே வேறாகிவிடும். ஏறக்குறைய 200 அயல்நாட்டுப் படங்கள் அவர் கைவழியே சென்றன. ஒருவர் எடுத்த படத்தை அவர் அறியாமலே வேறாக்குவதை நேர்மையான தொழில் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் அவருக்கு வேறு கிடைத்திருக்காது. ஒரு காட்சியின் பொருள் அதற்குள் மட்டும் இல்லை. முன்னும் பின்னும் நிற்கும் காட்சிகளைப் பொறுத்தது என்பதை அவர் விரல்கள் அறிந்துகொண்டன. 1924இல் பிரிட்ஸ் லாங் இயக்கிய ‘டாக்டர் மாபுசே’ படத்தை அவர் மாற்றியமைத்தபோது, அருகில் அமர்ந்து வேலை பழகியவர் ஓர் இளைஞர். நாடகத்திலிருந்து திரைக்கு வர முயன்றுகொண்டிருந்தவர். அவர்தாம் ஐசன்ஸ்டைன்! மறு ஆண்டே ‘பொடெம்கின்’ படத்தை எடுத்தவர். அந்த மேதையின் புகழைப் பேசுவோர், இந்த மேசையை நினைவுகூர்வது அரிது.

பிறர் படங்களைத் திருத்தித் திருத்தி அலுத்த ஷுப் அம்மையாருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. ஜார் மன்னன் காலத்தில் எடுத்த செய்திப்படங்கள் எங்கோ கிடக்கும் அல்லவா? அவற்றைக் கொண்டே அந்த ஆட்சியின் வீழ்ச்சியைக் காட்டினால் என்ன? நடிகர் வேண்டாம்; அரங்கம் வேண்டாம்; புதிதாகப் படமெடுக்கவும் பெரிதாகத் தேவையில்லை. மேலிடத்தார் முதலில் தயங்கினர். 1926இல் இசைவு கிடைத்ததும் லெனின்கிராடுக்குப் புறப்பட்டார்.

அங்கே குளிர்ந்து ஈரம் கசியும் நிலவறை ஒன்றில் பெட்டிகள் குவிந்து கிடந்தன. தகரமெல்லாம் துரு. சுருளைப் பிரித்தால், பல இடங்களில் பிலிமின் மேற்பூச்சு உரிந்து உருவமே அழிந்திருந்தது. எது எந்த ஆண்டில், எங்கே எடுத்தது என்பதை அவரே பார்த்துப் பார்த்துக் கண்டறிய வேண்டியிருந்தது. இரண்டு மாதங்களில் 60,000 மீட்டர் படத்தைப் பார்த்தார். ஜார் குடும்பத்தார் தம் பொழுதுபோக்குக்காக எடுத்துவைத்த படங்களும் கிடைத்தன. 5,200 மீட்டரைப் பொறுக்கி எடுத்து மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார். முடிவில் நின்றது ஏறத்தாழ 1,500 மீட்டர். அதாவது பார்த்ததில் நாற்பதில் ஒரு பங்கு!

‘ரோமானாவ் வம்சத்தின் வீழ்ச்சி’ 1927 மார்ச்சில் வெளிவந்தது. அதில் ஒரு பகுதியைச் சொல்லாமலிருக்க முடியாது. அரச விருந்தினர் கப்பல் தளத்தில் நடனமாடுகின்றனர். ஆடி ஆடி வியர்க்கிறது என்று எழுத்து சொல்கிறது. உடனே உழைக்கும் குடியானவர்கள் வருகின்றனர், அவர்களுக்கும் வியர்க்கிறது. நடனத்தைப் படமெடுத்தவர் அரசரைப் பழிக்கவா எடுத்தார்? பெருமைக்கன்றோ எடுத்தார்! ஒரு துளியும் பொய் சேர்க்காமல், அடுத்தடுத்து வைத்ததாலேயே பெருமையைக் குற்றச்சாட்டாக்கிவிட்டார் அம்மையார். அக்காலத்துப் பிறர்போல் காட்சிகளைத் துண்டுதுண்டாகச் சிதறடிக்கவும் இல்லை. பார்ப்பவர் முகங்களை நன்றாகப் பார்க்கட்டும் என்று நீளமாகவே விட்டுவைத்தார்.

படம் மக்களிடம் வெற்றி பெற்றது. நிறுவனமோ இவரை ஆசிரியர் என்று ஏற்க மறுத்தது! படமெடுத்தவர்கள் வேறு, இவர் வெட்டி ஒட்டியவர்தாமே என்பது வாதம். அதே ஆண்டில் வந்த ‘பெரும் பாதை’க்கும் இதே கதிதான். அமெரிக்காவிலிருந்து வாங்கிய, யாரும் அறியாத லெனின் காட்சிகளை அதில் சேர்த்திருந்தார். 1927இல் நடந்த பொது விவாதத்தில் கவிஞர் மாயகோவ்ஸ்கி இந்த அநீதியைப் பற்றிப் பேசினார். குறுந்தொகையில் ஒரு செய்யுளும் இயற்றாத பூரிக்கோவின் பெயரை, தொகுத்தவர் என்பதற்காகவே காத்துவரும் நமக்கு அந்த நிறுவனத்தின் வாதம் வியப்பாகத்தான் இருக்கும்.

1928இல் டால்ஸ்டாயின் நூற்றாண்டை ஒட்டி மற்றொரு தொகுப்புப் படம் செய்தார். டால்ஸ்டாய் தோன்றும் படம் மிகச் சிறிதளவே கிடைத்ததால், அவரைச் சுற்றியிருந்த நாட்டைக் காட்டினார். பேசும் படம் வந்தபின், மின்சாரத் திட்டங்களில் உழைத்த இளைஞர்களைப் பற்றி 1932இல் ஒரு படம். அதில் மக்களின் பேச்சை அந்தந்த இடத்திலேயே பதிவு செய்தார். ஐசன்ஸ்டைனின் மாணவர்களுக்குத் தொகுப்புக் கலையைக் கற்பித்தார். ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் ருஷ்யப் படப்பிடிப்பாளர்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்தவற்றை 1939இல் ஒரே படமாக்கினார். பிறகு செய்திப்படப் பிரிவில் பணி தொடர்ந்தது.

இத்தனைக்கும் நடுவே, அவர் மிக விரும்பிய ஒன்று நடக்கவில்லை. ‘பெண்கள்’ என்ற பெயரில் ஒரு படத்துக்கு 1930களில் திட்டமெழுதினார். தம் காலத்துப் பெண்களின் வாழ்க்கை மாறிவந்த வரலாறே அதன் பொருள். அது படமாகவே இல்லை. 1959இல் அவருடைய நினைவுக் குறிப்புகள் நூலாயின. அவ்வாண்டு செப்டம்பரில் மாஸ்கோவில் காலமானார். 1972இல் அந்நூல் விரிந்து மறுபடி வெளிவந்தபோது, நிறைவேறாத திட்டங்களுக்கென்றே அதில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது.